நிலுவையில் ஒரு பதிவு

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினான். பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தான். சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருந்த அட்டைப் பெட்டியிலிருந்து இரண்டு ரப்பர் கையுறைகளை உருவி மாட்டிக்கொண்டு நேற்றைய பாத்திரங்களைத் தேய்த்தான். மனைவி படுக்கையில் கிடந்த ஏழு மாதத்துக்காக மொத்தமாக வாங்கிப்போட்ட பெட்டிகள். அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகியும் தீரவில்லை. குப்பை கட்டவும் குளியலறை கழுவவும் ஆகட்டும் என்று முதலில் வைத்திருந்தான். இப்போது வாசலில் கிடக்கும் செருப்பை நகர்த்தவும் அது வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் இல்லை. வெளியே மழை தொடங்கியிருந்தது.

கூடத்து மேஜையில், இந்த வாரம் வரை அலமாரிக்குள் மூடிக் கிடந்த அவளுடைய லேப்டாப் இருந்தது. நேற்று படுக்கப் போகுமுன் அதன் மூடியை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, வழவழவென்று ஆன பிறகுதான் விளக்கை அணைத்தான். இப்போது அந்த மூடியின் குறுக்கே ஒரு முடி கிடந்தது. ஒரு முழ நீளம். தலைக்குக் குளித்துவிட்டு வந்தவளிடமிருந்து அப்போதுதான் உதிர்ந்ததுபோல ஈரமாக இருந்தது.

கடைசி மூன்று மாதம் அவள் தலையில் முடியே கிடையாது.

எடுத்துக் குப்பைக்கூடையில் உதறினான். விழவில்லை. கையுறையில் ஒட்டிக்கொண்டது. ஒரு விரலிலிருந்து வழித்தால் அடுத்த விரலுக்குப் போனது. கடைசியில் கையுறையையே கழற்றிப் போட்டுவிட்டு வேறு ஜோடி மாட்டிக்கொண்டான்.

லேப்டாப்பை வெளியே எடுக்கக் காரணம் மாமியார். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, அவ லேப்டாப் உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு அத்தை. ஆனா ரொம்ப ஸ்லோ. திறக்கவே அரை மணி நேரம் ஆகும்."

"அவ எப்பவும் அதுகிட்டதானே பேசிட்டிருப்பா. அவ குரல் கொஞ்சமாவது இருக்கும். சரி பண்ணி வைங்க. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வர்றேன்." சற்று நிறுத்தி, "கடைசியா என்னைப் பத்திதானே பேசினா. அது மட்டும் கேட்டாக்கூடப் போதும்" என்றாள்.

மகள் போன அன்று, ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள், மாமியார் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருந்தாள், கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னா என்று. ஏதாவது சொல்லியாக வேண்டும். "அம்மாவை அழ வேண்டாம்னு சொல்லு" என்று சொன்னதாகச் சொல்லிவிட்டான். கூடவே, கடைசி வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாகவும். மாமியார் அந்த வாக்கியத்தை மகள் படத்துக்குக் கீழே எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் ராத்திரி கண்ணை மூடுகிறேன் என்பாள்.

லேப்டாப்பில் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. மாமியார் வருவதற்குள் தெரிந்தாக வேண்டும். ஏதாவது இருந்தால் அழித்தாக வேண்டும்.

இரண்டு நாள் முன்பு முதலில் கடைக்குத்தான் கொண்டுபோனான். தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர் வாய் ஓயாதவர்.

"சார், இது லேப்டாப்பா, மாவு மிஷினா? ஆன் பண்ணிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வந்துட்டேன், இன்னும் சுத்திட்டே இருக்கு."

"வேகமாக்க முடியுமா?"

"ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போடலாம். ரேமை டபுள் ஆக்கலாம். மேல புது ஓஎஸ். அப்புறம் பாருங்க, குதிரைதான்" என்று சொல்லிக்கொண்டே கவிழ்த்துப் போட்டுத் திருகுகளைக் கழற்றினார். பின்மூடியை நகத்தால் ஒரு விரற்கடை நெம்பினார். உள்ளே பார்த்தார். பேச்சு நின்றது. திருகுகளை மறுபடி போட்டு இறுக்கிவிட்டு, கடைக்கு வெளியே குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

"வீட்டுல பூனை இருக்கா சார்?"

"இல்லை."

"அப்ப நீங்களே மாட்டிக்குங்க. ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. பார்ட்ஸ் தர்றேன், சந்தேகம்னா போன் பண்ணுங்க." பொட்டலம் கட்டும்போது அவர் அவன் கைகளைப் பார்த்தார். கடைக்கும் கையுறையோடுதான் போயிருந்தான். "ரெண்டே விஷயம். பழசை அப்படியே காப்பி எடுக்காதீங்க, குப்பையும் கூடவே குடிவரும். அப்புறம், உள்ள கை வைக்கிறப்ப அதைக் கழட்டிடுங்க. ரப்பர்ல கரண்ட் தங்கும். வெறுங்கையால பக்கத்துல ஏதாவது இரும்பைத் தொட்டுட்டு, அப்புறம் தொடுங்க."

இன்று எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினான். முதல் அறிவுரையை அவனால் கேட்க முடியாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் மாமியாருக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. எதை அழிப்பது, எதை வைப்பது என்று அவன்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே புது எஸ்எஸ்டியை வெளியே கேபிளில் மாட்டி, பழைய டிஸ்க்கை அச்சு அசலாக அதற்குள் நகலெடுக்கவிட்டான். மீதம் நான்கு மணி நேரம் என்று திரை சொன்னது.

விசிறி இரைந்தது. அடைபட்ட மூக்கால் யாரோ மூச்சு விடுவதுபோல இழுத்து இழுத்து இரைந்தது. பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று மேஜைமேல் பரவ, அதோடு கூடத்தில் முதலில் தலையணை உறையின் எண்ணெய்ச் சிக்கும், பிறகு புண்ணுக்குப் போடும் களிம்பும், அதற்கும் அடியில், பதினோரு மாதமாக ஜன்னல்களைத் திறந்துவைத்தும் பினாயில் ஊற்றியும் மெத்தையை எரித்தும் அவன் துரத்தியிருந்த அந்தத் தித்திப்பான வாடையும், ஒவ்வொன்றாக, இடம் தெரிந்த விருந்தாளிகளைப்போல வந்து உட்கார்ந்தன. அவன் வாயால் மூச்சு விட்டான். அப்படி விட அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

அவள் வேலை, காது கேளாதவர்களுக்காகப் படங்களின் அடியில் எழுத்துப் போடுவது. பேச்சை மட்டும் எழுதினால் போதாது, சத்தத்தையும் எழுத வேண்டும். [கதவு திறக்கிறது]. [தூரத்தில் நாய்]. கல்யாணமான புதிதில் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். "அடைப்புக்குறிக்குள்ள, கணவன் உறிஞ்சிக் குடிக்கிறான்." பிறகு மருந்து அவள் விரல் நுனிகளை உரித்தது. உள்ளங்கைத் தோல் கருகி, ஈரமாகி, திட்டுத்திட்டாகக் கழன்றது. அப்படியும் தட்டினாள். விசைகளில் ஒட்டும். எடுத்து உதறிவிட்டுத் தட்டுவாள். கடைசியில் முடியாமல்போய், காதால் கேட்டு எழுதும் ஒரு மென்பொருளை அலுவலகத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதை அவளே பழக்கினாள். எந்தச் சத்தத்தை எப்படி எழுத வேண்டும் என்று இரவும் பகலும் அதோடு பேசிக்கொண்டிருந்தாள். மைக் எப்போதும் திறந்தே இருக்கும். பழைய இயந்திரம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சொன்னதெல்லாம் வரிசையில் தேங்கி நிற்கும்.

பன்னிரண்டு மணிக்கு நகல் முடிந்தது. வயரைப் பிடுங்கினான். பேட்டரி செத்து வெகுநாளாகிவிட்டதால் இயந்திரம் உடனே அணைந்தது.

கவிழ்த்துப் போட்டு ஒன்பது திருகுகளையும் கழற்றி வரிசையாகச் சோப்பு டப்பா மூடியில் வைத்தான். பின்மூடி வரவில்லை. கத்தி முனையை விட்டு நெம்பினான். வந்தது, காய்ந்த கட்டுத்துணியைப் புண்ணிலிருந்து பிரிக்கும்போது கேட்கும் அதே சத்தத்தோடு.

விசிறி தெரியவில்லை. விசிறி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு முடி உருண்டை இருந்தது. தூசியும் எண்ணெயும் சேர்ந்து கம்பளிபோல இறுகி, அதன் மேற்பரப்பு வியர்த்திருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தான். உருண்டை வந்தது. அதன் அடியிலிருந்து ஒற்றை முடி ஒன்று தொடர்ந்து வந்தது. இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. பலகைக்குக் கீழிருந்து, சிப்புகளுக்கு நடுவிலிருந்து, கிணற்றுக் கயிறுபோல மாற்றி மாற்றிக் கை வைத்து இழுக்க இழுக்க வந்து மேஜைமேல் சுருண்டது. கடைசியில் எங்கோ ஒரு சின்னத் தடை. சுண்டினான். பொட்டென்று விட்டது. நுனியில் சோற்றுப் பருக்கையைப்போல வெள்ளையாக ஒன்று.

வேர். புது வேர்.

விசைப்பலகையின் அடியில் இன்னொன்று இருந்தது. ஆறிய பால்மேல் படியும் ஆடைபோல, மஞ்சளாக, விரித்தால் உள்ளங்கை அகலம் வரும்போல மடிந்து கிடந்தது. உதிர்ந்த தோல்துகள்கள்தான், அவனுக்குத் தெரியும். ஆனால் துகள்களாக இல்லை. ஒன்றோடொன்று கூடி ஒரே தாளாக ஆகியிருந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

அதில் ரேகை இருந்தது.

தொட்டிக்கு ஓடினான். ஓங்கரித்ததில் காலையில் குடித்த காபி மட்டும் வந்தது. வாயைக் கொப்பளித்து, கையுறையோடே கையைக் கழுவி, திரும்பிவந்து எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் தள்ளி இரண்டு முடிச்சுப் போட்டு மேஜைக்கடியில் எறிந்தான். மணி ஒன்று.

எஸ்எஸ்டி சுலபமாக உட்கார்ந்தது. ரேமைச் செருகும் முன் கையுறையைப் பார்த்தான். கழற்ற வேண்டும். பலகையைப் பார்த்தான். துடைத்த பிறகும் அதன்மேல் ஓர் எண்ணெய்ப் பளபளப்பு. கழற்றவில்லை. அப்படியே செருகி, வயரை மாட்டி, பொத்தானை அழுத்தினான்.

திரை கறுப்பு. உள்ளிருந்து சத்தம் வந்தது.

பீப். பீப். பீப்.

சற்று இடைவெளி. மறுபடி மூன்று.

அவள் கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிடுவாள். மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. வயரைப் பிடுங்கிவிட்டுக் கடைக்காரரை அழைத்தான்.

"மூணு தடவை கத்துதா? ரேம் சரியா உக்காரலை சார். கழட்டி மாட்டுங்க. கிளவுஸ் போட்டிருக்கீங்களா?"

"இல்லை, வெறுங்கைதான்."

"நிஜமா?"

"நிஜமாத்தாங்க."

பொய் அவன் வாயில் எப்போதும்போலச் சுலபமாக உட்கார்ந்தது. கையுறையோடு கழற்றினான், மாட்டினான். மூன்று தட்டு. கழற்றினான், மாட்டினான். மூன்று தட்டு. நான்காம் முறை இயந்திரம் சும்மா இருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து விட்டுவிட்டதுபோலத் திரை வெளிச்சமானது.

பின்மூடியைத் திருகி நிமிர்த்தி வைத்துக் கடைக்காரர் தந்த பென் டிரைவைச் செருக, புது இயங்குதளம் ஏறத் தொடங்கியது. பழைய கோப்புகளை என்ன செய்வது என்று கேட்டது. அப்படியே வை என்றான். மழை வலுத்து வெளியே சாம்பலாக இருண்டது. விழுக்காடு ஏறிற்று. இருபது. ஐம்பது. மேஜைக்கடியில் இருந்த பையைக் காலால் தள்ளப் போனவன், அதன் உட்புறம் பனித்திருப்பதைப் பார்த்தான். ஓரிடத்தில் மட்டும். வாய் அளவுக்கு. பனிப்பு விரிந்தது. சுருங்கியது.

காலை இழுத்துக்கொண்டான்.

நான்கரை மணிக்குத் திரையில் ஒரு வரி வந்தது. "தயார். எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கின்றன."

அணைத்துப் போட்டுப் பார்த்தான். எட்டு நொடி. முன்பு அரை மணி நேரம் எடுத்தது எட்டு நொடியில் வந்து நின்றது. விசிறிச் சத்தமே இல்லை. அவ்வளவு அமைதியான வீட்டில் தன் மூச்சு மட்டும் தனக்குக் கேட்டது. அவன் எதையும் தொடவில்லை. அவள் மென்பொருள் தானாகத் திறந்துகொண்டது.

நிலுவையில்: 1 பதிவு.

பதினோரு மாதமாகத் தேங்கி நின்றது. இப்போது வேகம் கிடைத்துவிட்டது. பச்சைக் கோடு ஓடியது. எழுத்துகள் விழத் தொடங்கின.

[கட்டிலில் மூன்று தட்டு]

[கதவு திறக்கிறது]

[கையுறை மாட்டும் சத்தம்]

ஆண்: என்ன?

பெண்: தண்ணி.

[ஆண் மூச்சை அடக்குகிறான்]

அந்த வரியிலேயே நின்றான். மூச்சை அடக்குவதற்குச் சத்தம் கிடையாது. எந்த மைக்குக்கும் கேட்காது. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

[ஆண் முகத்தைத் திருப்புகிறான்]

பெண்: (தெளிவாக இல்லை)

ஆண்: இதோ வர்றேன்.

[கதவு சாத்தப்படுகிறது]

[கூடத்தில் டிவி. சத்தம் கூட்டப்படுகிறது]

[மூன்று தட்டு]

[மூன்று தட்டு]

[மூன்று தட்டு]

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். அழிக்கும் பொத்தானை அழுத்தினான். திரை உருண்டுகொண்டே போனது. பக்கம் முழுக்க அதே வரி. இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். டிவியில் அன்று என்ன ஓடியது என்று அவனுக்கு இன்றும் நினைவில்லை. சத்தத்தை எவ்வளவு வைத்தான் என்பது மட்டும் நினைவிருந்தது.

[தட்டு இல்லை]

முடிந்தது என்று நினைத்தான். முடியவில்லை.

[அலமாரிக் கதவு மூடுகிறது]

[இருட்டு]

[முடி வளர்கிறது]

[முடி வளர்கிறது]

[முடி வளர்கிறது]

வயரைப் பிடுங்கினான். பேட்டரி செத்த இயந்திரம். அணைய வேண்டும்.

அணையவில்லை.

[திருகு கழற்றும் சத்தம்]

[ஆண் ஓங்கரிக்கிறான்]

ஆண்: இல்லை, வெறுங்கைதான்.

[வாசல் மணி]

வீட்டில் சத்தமே இல்லை. மழைதான்.

மணி அடித்தது.

"மாப்பிள்ளை?"

ஐந்து ஆகியிருந்தது. மூடியைச் சாத்த இடது கையை நீட்டினான். மூடி அசையவில்லை. கீல் இருக்கும் இடத்தில் கறுப்பாக, கற்றையாக ஏதோ சுற்றியிருந்தது. மேஜைக்கடியில் பார்த்தான். பை தட்டையாகக் கிடந்தது. முடிச்சு போட்டபடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

திரையில் அடுத்த வரி.

[கையுறை கழற்றும் சத்தம்]

அவன் கழற்றவில்லை. கீழே பார்த்தான்.

வலக் கையுறை மேஜைமேல் கிடந்தது. உள்பக்கம் வெளியே புரண்டு, ஐந்து விரலும் உறிஞ்சப்பட்டு. வலது கை விசைப்பலகையின்மேல் இருந்தது. வெறுங்கை.

விசைகள் தெரியவில்லை. அவற்றின்மேல் மஞ்சளாக ஓர் ஆடை படிந்திருந்தது. ஈரம். வெதுவெதுப்பு. உள்ளங்கைக்கு உள்ளங்கை. விரலுக்கு விரல். மூச்சை அடக்கினான். அந்தத் தித்திப்பு மூக்கில் ஏறவில்லை. தோல் வழியாக ஏறியது.

இழுத்தான்.

உரிந்தது. கீழே படிந்திருந்த ஆடை உரியவில்லை. அவனுடையது உரிந்தது. நுனியிலிருந்து. வலிக்கவில்லை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. துவாரத்திலிருந்து முடி வந்து மணிக்கட்டைச் சுற்றியது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, நிதானமாக, ஈரமாக.

அலறத்தான் வாயைத் திறந்தான். ஸ்பீக்கர் முந்திக்கொண்டது. பழைய மூச்சு. இழுத்து இழுத்து.

வாசலில் மணி நின்றது.

"மாப்பிள்ளை, உள்ள யாரு?" மாமியார் கதவில் காதை வைத்திருப்பது குரலில் தெரிந்தது. "கதவைத் திறங்க. அது என் பொண்ணு."

திரையில் எல்லா வரிகளும் மேலே போய்விட்டன. ஒன்று மட்டும் நின்றது. தெளிவாக இல்லை என்று விட்ட வரி. பச்சைக் கோடு அதன்மேல் மறுபடி ஓடியது. புது வேகம். ஒவ்வொரு எழுத்தாக.

ஸ்பீக்கர் வழியாக இனி கதவுக்கு வெளியேயும் கேட்கும்.

பெண்: கிளவுஸைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை தொடேன். நான் இன்னும் அழுகிப் போகலை.